மூன்றாவது ஓலை

ரெண்டு ஓலை வாசித்தாகிவிட்டது.
போன வருஷம் ஐப்பசியில், கருமத்தம்பட்டிக் கோயிலில்,
அடுத்தடுத்த ஞாயிறு:
“ராயப்பன் மகன் தைரியநாதனுக்கும்
சவரிமுத்து மகள் மதலேனம்மாளுக்கும்…
தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடவார்கள்.”
யாரும் சொல்லவில்லை.
ஒரு குழந்தை தும்மியது. உன் அக்கா சிரித்தாள்.

மூணாவது ஞாயிறுக்கு முந்தின நாள்
சோமனூர் ஸ்டேஷனில் நின்றாய்.
காக்கி உனக்கு இடுப்பில் ரெண்டு விரல் பெரிசு.
சம்பளம், சோறு, பூட்சு, கம்பளி என்று எண்ணிக் காட்டினாய்.
தாலிக்கு முக்கால் பவுன் குறைகிறது,
எட்டு மாசத்தில் சேர்த்துப்போடலாம் என்றாய்.
“போய்ட்டு வர்றனுங்” என்று எங்கப்பனிடம் சொன்னாய்.
என்னிடம் சொல்ல வாயெடுத்தபோது
வண்டி ஊதிவிட்டது.

காயிதம் மூணு வந்தது. மூணிலும் கத்தரி.
ஊர்ப்பேர் இருந்த இடத்தில் ஓட்டை,
ஆற்றின் பேர் இருந்த இடத்தில் ஓட்டை.
“இங்கே ஓயாத மழை” என்பதற்கு அப்புறம்
ஒரு வரி முழுக்க ஜன்னல்.
அதன் வழியாகப் பார்த்தேன்,
எங்க மில்லின் புகைபோக்கி தெரிந்தது.
யாரோ ஒரு தொரை
உனக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து
வெற்றிலை நரம்பு கிள்ளுவது போல் கிள்ளியிருக்கிறான்.
என் கழுத்து மச்சத்தைப் பற்றி எழுதியிருந்தாயே,
அதை மட்டும் முழுசாக விட்டுவைத்திருக்கிறான்.
எதிரிக்கு அது உதவாது போலிருக்கிறது.

மில்லில் இப்போது வேட்டி கிடையாது. கட்டுத்துணிதான்.
காயத்துக்குச் சுற்றுகிற மெல்லிசுத் துணி,
வண்டி வண்டியாய்க் கிழக்கே போகிறது.
அறுந்த நூலை முடிகிறபோதெல்லாம்
இதில் ஒரு முழம்கூட உன்னிடம் வரக்கூடாது
என்று வேண்டிக்கொள்வேன்.
அப்புறம், வந்தாலும் உறுத்தக்கூடாதென்று
முடிச்சைச் சின்னதாய்ப் போடுவேன்.
சூப்பர்வைசர் மெச்சுகிறார், கை சுத்தம் என்று.

இன்றைக்குத் திருநாள் ராத்திரி.
சர்க்கரை கூப்பனில் வந்தது ஒரு கைப்பிடி,
கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கச்சாயம் சுட்டோம்.
உன் வீட்டு வாசலில் மூங்கில் நட்சத்திரம் தொங்குகிறது,
உள்ளே விளக்கில்லை. சீமெண்ணெய்க்கு வரிசை
பூசைக்கு வரும் கூட்டத்தைவிட நீளம்.
பக்கத்தில் போனால்தான் நட்சத்திரம் என்று தெரிகிறது.

நடுச்சாமப் பூசை.
சாமியாருக்குப் பிராஞ்சு தேசம்.
அவர் ஊரும் எதிராளி கையில் கிடக்கிறது,
அவருக்கும் காயிதம் வந்து மூணு வருஷம் என்கிறார்கள்.
பிரசங்கம் முடித்து, ஒரு தாளைப் பிரித்து,
யுத்தத்துக்குப் போன பிள்ளைகள் பேரை வாசித்தார்.
அவர் நாக்கில் ‘தை’ எப்போதும் நிற்காது.
“ராயப்பன் மகன் தெரியநாதன்” என்றார்.

எங்கே என்று தெரியாத ஊரில்
தெரியநாதன்.

அந்தக் கோயிலில் உன் பேர் வாசித்தால்
அடுத்து என் பேர் வரும்.
காது பழகிவிட்டது, காத்திருந்தது.
சாமியார் அடுத்த வீட்டுப் பையனுக்குப் போய்விட்டார்.
நான்தான் சொன்னேன், வாய்க்குள்,
முக்காட்டுக்குள்:
“சவரிமுத்து மகள் மதலேனம்மாள்.”

உன் அக்கா திரும்பிப் பார்த்தாள்.
இந்தத் தடவை சிரிக்கவில்லை.
என் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

தடை உண்டா என்று சாமியார் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எழுந்திருப்பேன்.
உண்டுங்க சாமி. பேர்தான் தெரியாது.
அது இருந்த இடத்து ஓட்டை தெரியும்,
என் சுண்டுவிரல் நுழைகிற அளவு.

வெளியே பனி.
வேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி போகிறது,
கிழக்கேயா மேற்கேயா, சத்தத்தில் தெரியவில்லை.
பண்டிகைக்கு மில் அரைநாள்தான் லீவு.
மத்தியானச் சங்கு ஊதினால் போகவேணும்.
உனக்கென்று நாலு கச்சாயம் துணியில் முடிந்திருக்கிறேன்.
கெடுவதற்குள் யாராவது தின்பார்கள்.